அத்தையின் நம்பரில் நான்

எனக்கு எழுத்து சரியாக ஓடாது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு கை பழகியதெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுக்கத்தான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். வருடமும் கிழமையும் மறந்து போகின்றன. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கணினி படிக்கிற பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். தரவுத்தளம் என்ற பாடத்துக்கு முன்னால் வைக்க, தோட்டத்து ஆபிசில் முதன்முதலாகக் கணினி மிஷின் வந்த கதையை யாராவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்களாம். அப்போது அங்கே இருந்த ஆள் நான் என்று என் மருமகள் சொல்லிவிட்டாள். பாடம் எனக்குத் தெரியாது. மிஷின் வந்தபோது என் வீடு போகப் பார்த்ததும், அது எப்படி நின்றது என்பதும் தெரியும். அதை எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ரிங்லெட் என்கிற மலை டவுனுக்கு மேலே, பெரிய ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டும். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். அங்கே கூப்பிடுவது பேர் இல்லை, நம்பர். கூடையில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பதும் நம்பர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணி கத்துவதும் நம்பர். என்னுடையது இருநூற்றுப் பதினேழு.

என்னுடையது என்று சொன்னாலும் அது என் மாமியாருடையது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். யுத்தம் முடிந்து ஜப்பான்காரன் போன மறு வருடம் அந்த நம்பரில் வேலைக்குச் சேர்ந்தவர். எழுபதுகளின் நடுவில் முழங்கால் இரண்டும் மடங்காமல் போய், மலை ஏற முடியாமல் நின்றுகொண்டார். ஆள் நின்றால் எங்கள் தோட்டத்தில் நம்பர் நிற்காது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும், மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகும். நம்பர் வீட்டுக்குச் சொந்தம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். நம்பரை வெளியே விட்டால் லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்களுக்குக் கொடுத்த வீடும் கூடவே போய்விடும் என்ற பயமும் இருந்தது. அத்தை ஒரு சனிக்கிழமை கூடையைக் கழற்றி வைத்தார். திங்கட்கிழமை அதே கூடையை நான் மாட்டிக்கொண்டு போனேன். பெரட்டில் இருநூற்றுப் பதினேழு என்று கூப்பிட்டார்கள், ஓய் என்றேன். கங்காணி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

ஆபிசில் பெரிய கிராணி இருந்தார், தலைமைக் கணக்கர். முப்பது வருடத்துக்கு மேல் அதே நாற்காலி. ஆள் புத்தகம் என்று ஒரு பெரிய புத்தகம் அவரிடம் இருக்கும். ஒரு நம்பருக்கு ஒரு வரி. பேர், பிறந்த வருடம், வேலைக்குச் சேர்ந்த தேதி, இருக்கிற வீடு. நம்பர் கை மாறினால் பழைய பேரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, மேலே புதுப் பேரைச் சின்னதாக எழுதுவார். மற்றதைத் தொட மாட்டார். அவருக்கு எங்கள் எல்லோர் முகமும் தெரியும், எங்கள் தாய் தகப்பனையும் தெரியும். யாருக்கு எத்தனை வயது என்று புத்தகத்தைப் பார்த்து அவர் சொன்னதே இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழை நாளில் நான் சரிவில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கட்டுப் போட்டுவிட்டு, மலைக்குப் போக வேண்டாம், ஆபிசில் லைட் டூட்டி பார் என்றார்கள். கூட்டுவது, தேத்தண்ணி போடுவது, அலமாரியில் புத்தகங்களைத் துடைத்து அடுக்குவது. அந்தச் சமயத்தில்தான் மிஷின் வந்தது.

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் அதைக் கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவர், தமிழர்தான். தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து டவுன் தானா ராத்தாவில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் தோட்டத்து வண்டியில் வந்து போனார். எல்லாப் புத்தகத்தையும் மிஷினுக்குள் ஏற்றி, கிராணிமார்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று வாரம் தவணை.

முதல் நாள் அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். ஆள் புத்தகம், வீட்டுப் புத்தகம், கிளினிக் புத்தகம், பள்ளிப் பிள்ளைகள் புத்தகம் என்று வரிசையாக இருந்தன. ஒரே ஆளின் பேரும் வீடும் எல்லாவற்றிலும் எழுதியிருந்தது.

"ஐயா, ஒரு ஆள் வீடு மாறினா எத்தனை புத்தகத்துல மாத்துவீங்க?" என்று கிராணியைக் கேட்டார்.

"எல்லாத்துலயும் மாத்தணும்."

"மாத்துவீங்களா?"

"மாத்தணும்லா தம்பி. மாத்தணும்னுதான் சொன்னேன்."

நடப்பது எனக்குத் தெரியும். நாலாம் லயத்தை விட்டு ஏழாம் லயத்துக்குப் போனவரை, கிளினிக் பார்க்கிற டிரஸ்ஸர் மருந்தோடு நாலாம் லயத்தில் தேடிவிட்டு, ஆள் இல்லை என்று எழுதிவிட்டு வருவார். வீட்டுப் புத்தகத்தில் மாற்றியிருப்பார்கள், கிளினிக் புத்தகத்தில் பழையபடியே இருக்கும். இரண்டில் எது சரி என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. யாரையாவது கேட்டால்தான் உண்டு.

மிஷின்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கிராணிக்கு விளக்குவார். நான் பின்னால் நின்று தேத்தண்ணி மங்குகளைக் கழுவிக்கொண்டிருப்பேன், காதில் விழும். ஒரு சங்கதியை ஒரே ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும் என்பார். வீட்டைப் பற்றியது வீட்டுப் பட்டியலில் மட்டும், ஆளைப் பற்றியது ஆள் பட்டியலில் மட்டும். டிரஸ்ஸரின் பட்டியலில் ஆளின் நம்பர் இருந்தால் போதும். பேர் வேண்டுமென்றால் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு மிஷினே ஆள் பட்டியலுக்குப் போய் எடுத்து வரும். அங்கே பார்த்த வீட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பட்டியலுக்கும் போகும். வீடு மாறினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும், எல்லோருக்கும் மாறின மாதிரி. டிரஸ்ஸர் கேட்டால் டிரஸ்ஸருக்கு வேண்டியதைக் காட்டும், வாத்தியார் கேட்டால் வாத்தியாருக்கு வேண்டியதை மட்டும் காட்டும். உள்ளே இருப்பது ஒன்றுதான்.

"அப்ப எல்லாம் நம்பர்லதான் நிக்குது" என்றார் கிராணி.

"ஆமா ஐயா. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். ஒரு நம்பருக்கு ஒரு ஆள்."

"நம்பர் தப்பா இருந்தா?"

"எல்லாமே தப்பாயிடும்."

"எங்க நம்பர் தப்பா இருக்காதுலா. எல்லாம் நான் போட்ட நம்பர்."

நான் மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டினால் நேரமாகிறது என்று, யாராவது வாசித்தால் தேவலை என்றார் மிஷின்காரர். சின்னக் கிராணிமார்கள் ஃபேக்டரியில் இருந்தார்கள். "ஏம்மா, உனக்கு ஏபிசி தெரியும்லா?" என்று பெரிய கிராணி என்னைக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்குத் தெரியும் என்றேன். இங்கிலீஷ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். பேர்கள் எல்லாம் தெரிந்த பேர்கள், முதல் இரண்டு எழுத்திலேயே பிடிபட்டுவிடும்.

அப்படி ஒரு வாரம் வாசித்தேன். நம்பர், பேர், பிறந்த வருடம், சேர்ந்த தேதி, வீடு. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தட்டுவார். ஒரு வரி முழுவதும் முடித்து ஒரு பொத்தானை அமுக்கினால்தான் உள்ளே போகும். ஒரு நாள் மத்தியானம் மழையில் கரண்டு போனது. பாதி வாசித்த வரி காணாமல் போய்விட்டது. எனக்குப் பதற்றமாக இருந்தது. அவர் பதறவில்லை. "பாதி ஏறறத விட ஏறாமப் போறது நல்லதுக்கா. முழுசா ஏறணும், இல்லாட்டி ஏறவே கூடாது" என்றார். ஏறினதையெல்லாம் மெல்லிய கறுப்புத் தகடுகளில் இன்னொரு நகல் எடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, துரை பங்களாவுக்குக் கொடுத்தனுப்புவார். ஆபிஸ் எரிந்தாலும் டின் இருக்கும் என்பார்.

நூறுக்குள்ளே ஒரு நம்பர் வாசித்தபோது, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "இவரு இப்ப இங்க இல்ல சார். தம்பிகூட கம்போங் ராஜாவுல கோபிஸ் தோட்டம் போடப் போயிட்டாரு" என்றேன்.

அவர் தட்டுவதை நிறுத்தினார். கோபமாகச் சொல்லவில்லை. "அக்கா, எழுதியிருக்கறத மட்டும் படிங்க. மத்ததெல்லாம் அப்புறம் ஐயாகிட்ட கேட்டுக்கலாம்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு எழுதியிருந்ததை மட்டும் வாசித்தேன்.

இரண்டு நாள் கழித்து இருநூற்றுப் பதினேழு வந்தது. அடித்த கோட்டின் கீழே அத்தையின் பேர், மேலே என் பேர். என் பேரை நானே வாசிக்கக் கூச்சமாக இருந்தது. வாசித்தேன். அடுத்த கட்டத்தில் பிறந்த வருடம். அது என்னுடையது இல்லை, அத்தையுடையது. நான் பிறந்ததற்கு இருபத்தைந்து வருடம் முந்தியது. நிறுத்தினேன்.

"சொல்லுங்க அக்கா" என்றார், திரையை விட்டுக் கண் எடுக்காமல்.

எழுதியிருந்ததை வாசித்தேன். சேர்ந்த தேதியையும் வாசித்தேன். அதுவும் அத்தையுடையதுதான். அவர் பொத்தானை அமுக்கினார். அடுத்த நம்பருக்குப் போனோம். கிராணி ஐயாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார், சொல்லவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்தார்கள், நான் மலைக்குப் போய்விட்டேன்.

மிஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க, துரை அதனிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாராம். ஐம்பத்தைந்து வயது தாண்டியும் வேலையில் இருப்பவர்கள் யார் யார்? முன்பெல்லாம் இதற்குக் கிராணி கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்குவார். மிஷின் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டுத் தாளில் அடித்துக் கொடுத்தது. அந்தத் தாளில் இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்தது. வயதாகிவிட்டது, மூன்று மாதத்தில் வேலையை விட்டு நிற்க வேண்டும், வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். கங்காணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது.

வீடு என் நம்பரில் இருந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்து வேலையை முன்பே விட்டுவிட்டு கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார். அவருக்கு அங்கே படுக்க ஒரு கொட்டகைதான். நான் நின்றால் நானும் அத்தையும் மூன்று பிள்ளைகளும் போக இடம் இல்லை.

அத்தைக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வயசாச்சுன்னு இப்பத்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். "பத்து வருசமாச்சு. நல்ல வேகம்."

"உங்களுக்கு இல்ல அத்தை, எனக்கு."

"உனக்கா? உன்ன என்ன, நானுன்னு நெனச்சுட்டானா? கண்ணு தெரியாதா அந்தக் கிராணிக்கு?"

வாசித்தது நான்தான் என்பதை அப்போதுதான் சொன்னேன். அத்தை தைலப் புட்டியை மூடினார்.

"வாய அடகு வச்சிட்டு வந்தியா ஆபிசுக்கு? நட, நானும் வரேன். ஐசிய எடுத்துக்க."

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமையோடு மிஷின்காரர் கிளம்புகிறார். கிராணிமார்கள் புதிதாக ஏற்றத்தான் பழகியிருந்தார்கள், அவர் போன பிறகு உள்ளே ஏறியதை மாற்றத் தெரிந்தவர் மலையில் யாரும் இல்லை. ஆபிசுக்கு ஏறுகிற படியில் அத்தை இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். நான் என் நீல ஐசியை, அடையாள அட்டையை, கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போனதும் அத்தைதான் ஆரம்பித்தார். "கிராணி ஐயா, அறுபது வயசுப் பொம்பள இவதான். நல்லாப் பாத்துக்கங்க. பல்லு ஒண்ணுகூட விழல."

கிராணி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு ஆள் புத்தகத்தை எடுத்து அந்த வரியைப் பார்த்தார். புத்தகத்தை மிஷின்காரர் பக்கம் தள்ளினார்.

"அக்கா, இத நீங்கதானே படிச்சீங்க?" என்றார் அவர்.

"ஆமா சார்."

"வருசம் உங்களோடது இல்லன்னு அப்பத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

எழுதியிருப்பதை மட்டும் படிக்கச் சொன்னீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அது குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. தலையைச் சொறிந்துகொண்டு திரையின் பக்கம் திரும்பினார்.

என் ஐசியைப் பார்த்துப் பிறந்த வருடத்தை மாற்றித் தட்டினார். மிஷின் பீப் என்றது, ஏற்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடி பீப்.

"என்ன சொல்லுது?" என்றார் அத்தை.

"பொறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்குச் சேந்துட்டாங்கன்னு சொல்லுது பாட்டி. அப்படி இருக்க முடியாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அப்படிப் போட்டா வாங்காது."

"அதுக்கு இருக்கற புத்தி இவங்களுக்கு இல்ல பாரு."

கிராணிக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு மூஞ்சி தெரியும்மா. யாரு எப்ப வந்தா, யாரு எப்பப் போனா எல்லாம் தெரியும். எதுக்கு எழுதணும்?"

"மிஷினுக்கு மூஞ்சி தெரியாது ஐயா" என்றார் மிஷின்காரர். பிறகு, "இந்த மாதிரிக் கை மாறின நம்பர் இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

கிராணி புத்தகத்தைப் புரட்டினார். கோடு இழுத்த பேர்கள் வந்துகொண்டே இருந்தன. சில வரிகளில் இரண்டு கோடுகள். மிஷின்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை மாறிய ஒவ்வொருவருக்கும் அதுவரை யாருக்கும் கொடுக்காத புது நம்பர் கொடுக்க வேண்டும், பழைய நம்பர் அதை முதலில் வைத்திருந்தவரோடு நின்றுவிட வேண்டும், திரும்ப யாருக்கும் போகக் கூடாது என்றார். மறுநாள் பெரட்டில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, உன் நம்பர் யாருடையது என்று கேட்டு எழுதினார்கள். அதுவரை ஆபிசில் அப்படி யாரும் கேட்டதில்லை.

ஆனால் எனக்கு அன்றைக்கே முடிய வேண்டியிருந்தது. நோட்டீஸ் வந்துவிட்டதே. புது நம்பர் போடலாம், பிறந்த வருடம் ஐசியில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த தேதி எங்கே?

"இன்னைக்குத் தேதி போடுங்க" என்றார் கிராணி.

"போடலாம். போட்டா இவங்க இன்னைக்குச் சேந்த ஆளு. வீடு பத்து வருசம் ஆனவங்களுக்குத்தான்னு துரை சொல்லியிருக்காருல்ல?"

எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது எனக்கும் அத்தைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் தெரியும். எழுதினது எங்கேயும் இல்லை. தினசரி வேலைக்கு வந்ததைக் குறிக்கும் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினேழுக்கு நேரே சனிக்கிழமை ஒரு கோடு, திங்கட்கிழமை ஒரு கோடு, அதற்கு முன்னாலும் பின்னாலும் கோடுகள். எந்தக் கோட்டில் அத்தை முடிந்து நான் ஆரம்பிக்கிறேன் என்று அதில் தெரியாது. நம்பர் ஒரு நாள்கூட ஓயவில்லை.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தார். "பெரிய பிள்ளைய ஆயாக்கொட்டாயில எப்ப விட்டோம்?" என்று என்னைக் கேட்டார்.

"நான் வேலைக்குப் போன அன்னிக்கு."

"நான் வீட்டுலதானே இருந்தேன், ஏன் அங்க கொண்டு விட்ட?"

"நீங்க தானா ராத்தா ஆஸ்பத்திரியில இருந்தீங்க அத்தை. காலுக்கு."

"அதத்தான் சொல்றேன்."

ஆயாக்கொட்டகை என்பது தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். வேலைக்குப் போகிற தாயின் பிள்ளையைத்தான் அங்கே சேர்ப்பார்கள். சும்மா இருப்பவர்கள் விட முடியாது. ஆயா ஒரு நோட்டு வைத்திருந்தார், பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதை எழுத. ஆபிசுக்கு அதைக் கொண்டு வந்ததே இல்லை. மிஷின்காரரின் அலமாரியில் அது இல்லை, ஏற்றவும் இல்லை.

நான் ஓடிப்போய்க் கேட்டேன். பழைய நோட்டுகளைப் பால்மாவு டின்களுக்கு அடியில் வைத்திருந்தார். அந்த வருடத்து நோட்டைத் துடைத்துக் கொடுத்தார். எல்லாம் தமிழில். மிஷின்காரருக்கு வாசிக்கத் தெரியாது. "படிங்க அக்கா" என்று என்னிடமே கொடுத்தார்.

எங்கள் பிள்ளையின் வரி இருந்தது. ஆயா நம்பர் எழுதியிருக்கவில்லை. "எட்டாம் லயம் மூணாம் வீட்டு மருமகள் பிள்ளை, இன்று முதல்" என்று எழுதியிருந்தார். வாசித்தேன். வாசித்துவிட்டு நிறுத்தவில்லை. "எட்டாம் லயம் மூணாம் வீடு எங்க வீடு சார். அந்த வீட்டுல மருமக நான் ஒருத்திதான். அத்தைக்கு ஒரே மகன்" என்றேன். அந்த முதல் தடவைக்குப் பிறகு, கேட்காமல் நானாகச் சொன்னது அதுதான்.

அவர் வீட்டுப் பட்டியலைத் திரையில் எடுத்தார். எட்டாம் லயம் மூன்றாம் வீடு, அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் குடும்பம். பிள்ளையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து நான். நோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"இந்த நோட்டும் ஒரே விசயத்தத் திரும்பத் திரும்ப எழுதறதுதான தம்பி?" என்றார் கிராணி. கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டார். "வேணாம்னீங்க."

"இல்ல ஐயா. ஒரே விசயத்த ரெண்டு எடத்துல எழுதறது வேற. இது வேற விசயம். அது போய் இவங்களத் தொடுது. இதையும் நான் ஏத்தியிருக்கணும்."

மாதமும் வருடமும் தாளின் மேலே தெளிவாக இருந்தன. நாள் இருந்த இடத்தில் பால் சிந்தி மை பரவியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், தெரியவில்லை. திங்கட்கிழமை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அந்த மாதத்தில் நாலு திங்கட்கிழமை.

"மொதத் திங்கள் போடுங்க. யாரு கேக்கப் போறா" என்றார் கிராணி. அவருக்கும் எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான்.

"வேணாம் சார், கடைசித் திங்கள் போடுங்க" என்றேன்.

"எதுவா இருந்தாலும் உங்களுக்குப் பத்து வருசம் தாண்டிடுது அக்கா."

"தாண்டினாலும். இல்லாத நாள நான் இருந்ததாப் போட வேணாம்."

நாள் தெரியாது என்று விட முடியுமா என்று அத்தை கேட்டார். அப்படி விட்டால் மிஷின் வாங்காது, தெரியாது என்பதற்குத் தான் இடம் வைக்கவில்லை, வைத்திருக்க வேண்டும் என்று மிஷின்காரர் சொன்னார். கடைசித் திங்கட்கிழமையைப் போட்டார். ஓரத்தில் குறிப்பு எழுதுகிற ஒரு கட்டத்தைப் புதிதாக உண்டாக்கி, நாள் ஊகம் என்று இங்கிலீஷில் தட்டினார். பொத்தானை அமுக்கினார். பீப் வரவில்லை. பிறகு ஐம்பத்தைந்து தாண்டியவர்களின் தாளை மறுபடி அடிக்க வைத்தார். அதில் நான் இல்லை. துரை அந்தத் தாளைப் பார்த்து என் நோட்டீசின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீடு நின்றது. அந்த வீட்டில்தான் என் இரண்டாவது பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது.

இருநூற்றுப் பதினேழு அத்தையின் பேரோடு மூடப்பட்டது. திரும்பி வரும்போது படியில் உட்கார்ந்து அத்தை சொன்னார், "என் நம்பர என்கிட்டயே குடுத்துட்டான். கூடையத்தான் காணோம்." என் கூடையில் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதினோம். பெரட்டில் ஒரு மாதம் வரைக்கும் பழைய நம்பரைக் கூப்பிட்டால் வாய் தானாக ஓய் என்று போகும், அடக்கிக்கொள்வேன். பெரிய கிராணி அதற்குப் பிறகு ஒரு ஆள் நின்றால் நின்ற தேதி, ஒரு ஆள் வந்தால் வந்த தேதி என்று இரண்டையும் எழுதினார். எழுதிவிட்டு எங்களிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்பார்.

நான் ஓய்வு பெற்ற காகிதத்திலும் அந்தக் கடைசித் திங்கட்கிழமைதான் சேர்ந்த தேதியாக இருக்கிறது. ஓரத்தில் போட்ட குறிப்பு அதில் வரவில்லை. பார்க்கிறவர்கள் அது நிச்சயமான நாள் என்றுதான் நினைப்பார்கள். தைப்பூசம் முடிந்து வந்த மாதம்தான், எந்தத் திங்கள் என்பதுதான் இன்னும் உறுதியாக இல்லை. அத்தை ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு மாதமா அதற்கு மேலா என்பதும், மிஷின்காரர் தங்கியது மூன்று வாரமா நாலா என்பதும் அப்படித்தான். அந்த ஆயாக்கொட்டகை நோட்டு யாரிடமாவது இருந்தால், எட்டாம் லயம் மூன்றாம் வீட்டு வரியை நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து, எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லுங்கள். மிஷினைப் பற்றி நான் எழுதியதில் பிசகு இருந்தால் அதையும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிட்டுப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.